ரோட்டோரம் நின்ற ஒறம்பரை

கண்ணு,

கோழிச் சீக்கைப் பற்றிப் பண்ணைக்காரர்கள் படிக்கிற மாதிரி தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், முதல் பக்கத்துக்கு நீ எழுதிக் கொடு என்று போனில் கேட்டாய். நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும் என்றேன். "தெரிஞ்சதை எழுத வேண்டாம்மா, நடந்ததை எழுது" என்றாய். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, நடந்ததை ஒரு பக்கத்தில் அடக்க எனக்கு வராது என்று. வேண்டாததை நீயே வெட்டிக்கொள். உங்கண்ணனைப் பற்றி வருவதை மட்டும் வெட்டாதே. அந்த வெளிநாட்டு ஊருக்குப் போய் இறங்கியதிலிருந்து போன் பேசும்போதெல்லாம் கடைசியாக, வைக்கப் போகிற நேரத்தில், "அண்ணன் எதாச்சும் சொல்லுச்சாம்மா?" என்று கேட்கிறாய். இல்லை கண்ணு என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசந்துபோயிற்று. இந்தக் கடிதத்தில் அதற்கும் பதில் இருக்கிறது.

உன் படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. உன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்ட வருசம், மேற்கால ஊட்டு ஆத்தா ஒரு நாட்டுக்கோழியைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும்.

"ஏங்கண்ணு, டாக்டருக்குப் படிச்சிட்டியாமா. இது தீனியே எடுக்க மாட்டேங்குது, என்னன்னு பாரு."

"ஆத்தா, நான் கோழி பாக்கற டாக்டர் இல்லீங்க. சீக்கு எந்த வழியாப் போவுதுன்னு கணக்குப் போடற டாக்டர்."

"வழி தெரிஞ்சு என்ன பண்ணுவ? கூட நடந்து போயி பஸ் ஏத்தி வுட்டுட்டு வருவியா?"

நீ சிரித்துவிட்டு, கோழியை வாங்கி உங்கப்பாவிடம் கொடுத்தாய். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வருசம் படித்து ஒரு கோழியைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அந்தக் கோடையில் நீ லீவுக்கு வந்து பண்ணை பண்ணையாகப் போனபோதுதான் உன் வேலை எனக்கு விளங்கிற்று.

உங்கப்பா மொபெட்டில் உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார். நீ ஒவ்வொரு கோழிச் செட்டிலும் போய், தீவன லாரி எங்கிருந்து வருகிறது, முட்டை ஏற்றுகிற லாரி அடுத்து எங்கே போகிறது, காலி முட்டை அட்டைகள் யார் யாருக்குப் பிரிகின்றன, ஊசி போடுகிற ஆட்கள் காலையில் எந்தச் செட்டில் இருந்தார்கள், எரு அள்ளுகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வருவாய். சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை நிறையப் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி கோடு. எனக்கு அது எறும்பு மொய்த்த சர்க்கரை மாதிரித் தெரிந்தது. ஒரு புள்ளி ஒரு செட்டு, ஒரு கோடு ஒரு போக்குவரத்து என்று சொன்னாய். "சீக்குக்குக் கால் கிடையாதும்மா, அது நம்ம காலுல ஏறித்தான் போவுது. நம்மூருல இருந்து ஆத்தூர் போறதுக்கு எத்தனை பேரு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறறாங்க? அந்த மாதிரி சீக்கும் சில எடத்துல எறங்கி மாறிக்கும். எல்லா பஸ்ஸையும் நிறுத்த முடியாது. அந்த பஸ் ஸ்டாண்டு எதுன்னு கண்டுபிடிச்சுட்டா அதை மட்டும் அடைச்சாப் போதும்." இது கோழிக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கு வருகிற தொற்றுக்கும் இதே கணக்குத்தான் என்றாய். ஊரடங்கு போட்ட காலத்தில் நீ பெங்களூரில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு ராப்பகலாகச் செய்தது இந்தக் கணக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நாளில் நீ போனை எடுக்கவில்லை என்று உன்னைத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் உன் கணக்கு ஒரு இடத்தில் இடித்தது. அதற்கு முந்தின வருசம் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் என்கிற சீக்கு வந்தபோது, லாரியோ அட்டையோ ஊசி ஆட்களோ எதுவும் பொதுவில் இல்லாத செட்டுகளிலும் கோழி செத்திருந்தது. அந்தச் செட்டுகளுக்கு நடுவே உன் திரையில் கோடே இல்லை. சோறு போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். பிறகு ஒருநாள் நீ ஆம்பளைகளை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பொம்பளைகளிடம் போய் உட்கார்ந்தாய். "கோழி செத்த வாரத்துல உங்க ஊட்டுக்கு யாரு யாருங்க வந்தாங்க?" என்று கேட்டாய். கிடைத்த பதிலை வந்து எனக்குச் சொல்லிக் காட்டினாய்: "ஏங்கண்ணு, யாரு வரலைன்னு கேளு. அதுதான் சுருக்கா முடியும்."

நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இங்கே ஒரு செட்டில் கோழி கொத்துக் கொத்தாகச் செத்தால் அது சாவு வீடு மாதிரி. சுத்துப்பட்டுப் பண்ணைக்காரர்கள், ஒறம்பரை என்று நாங்கள் சொல்கிற சொந்தக்காரச் சனம், சம்பந்தம் பண்ணினவர்கள் எல்லோரும் விசாரிக்க வருவார்கள். வந்தவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனால் அது விசாரித்ததாகாது. செட்டுக்குள் போக வேண்டும். செத்த கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமான கோழி, இப்படிப் போயிருச்சே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செட்டுக்காரருக்கு மனசு ஆறாது. விசாரித்தவர் அந்தச் செருப்போடு தன் வீட்டுக்குப் போய், தன் கோழிக்குத் தீனி போடுவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், வராதவர்களைக் குறையும் சொன்னோம். இத்தனை படித்தவர்கள் வந்து பார்த்தும் கோட்டில் வராமல் கிடந்தது இந்தப் பாசம். நீ கேட்டுக் கண்டுபிடித்தாய்.

அந்தக் கோடுகளையும் போட்ட பிறகு திரையைக் காட்டினாய். "இதுல நம்மூடு எது?" என்றேன். ஒரு தடித்த புள்ளியைத் தொட்டாய். நம் செட்டு சின்னது, இது ஏன் இத்தனை பெரிசு என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒறம்பரை அதிகம்மா. நீங்க போகாத ஊடு இல்லை."

உங்கப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, எத்தனை சனத்துக்கு வேண்டியவங்களா இருக்கறோம்."

"அப்பா, அது பெருமைப்படற விசயம் இல்லீங்க."

"பெருமைதான் சாமி. நீ வேற என்ன வேணாலும் சொல்லு, அதை மட்டும் இல்லைங்காத."

நீ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரீங்கப்பா" என்றாய். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டாய். உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். எங்கே போனாலும் அந்தப் பார்வையை விட்டுவிடாதே. உன் திரையில் இருக்கிற ஒவ்வொரு கோட்டிலும் ஒருத்தர் இன்னொருத்தர் மேல் வைத்த அக்கறை இருக்கிறது. அதை வெட்டச் சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் வேண்டும். உனக்கு வலித்ததை நான் பார்த்தேன்.

இந்த வருசம் ஆனி மாதம், உன் மகள் பாப்பாவுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தோம். குலதெய்வம் கோயிலில் பந்தல் சொல்லியாயிற்று, சமையல்காரர் சொல்லியாயிற்று. ஆனியை விட்டால் ஆடி, ஆடியில் நீ வெளிநாடு கிளம்புகிறாய். உங்கண்ணன் மூன்று மாதமாக அதே பேச்சாக இருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம் இல்லையா, அதற்கென்று வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தான். பாப்பாவுக்குத் தோடு வாங்கி வைத்திருந்தான். அந்த நேரத்தில் ஒருநாள் காலை, திருச்செங்கோட்டு ரோட்டில் இருக்கிற அவன் பண்ணையிலிருந்து உங்கண்ணி போன் பண்ணினாள். "அத்தை, நாலஞ்சு கோழி கழுத்தைத் திருகிக்கிட்டு நிக்குதுங்க. அவரு செட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டாருங்க, எந்திரிக்க மாட்டேங்கறாரு."

அதே வெள்ளைக் கழிச்சல்தான் என்று தெரிந்துபோயிற்று. சோற்றை வடித்துத் தூக்கில் போட்டேன். உங்கப்பா வண்டியை எடுத்துவிட்டார். அப்போது உங்கண்ணி சொல்லித் தெரிந்து, பெங்களூரிலிருந்து நீ போனில் கூப்பிட்டாய்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"எங்கேன்னு கேக்கற. உங்கண்ணன் ஊட்டுக்குத்தான்."

"போவாதம்மா. நீ போனீன்னா திரும்பி நம்ம செட்டுக்குத்தான வருவ. காலையில பால் ஊத்த சொசைட்டிக்குப் போவ. அங்க எத்தனை செட்டுக்காரங்க வருவாங்க."

"அங்கயே தலைக்கு ஊத்திக்கிட்டு, சேலையை நனைச்சுப் போட்டுட்டு வாரேன்."

"செருப்பு? வண்டிச் சக்கரம்? அப்பா தலையில கட்டற துண்டு?"

"என் துண்டைக்கூட வுட மாட்டேங்கறா பாரு" என்றார் உங்கப்பா பக்கத்திலிருந்து. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்மவன் அங்க இடிஞ்சு உக்காந்திருக்கறான். ஊரான் கோழிக்கெல்லாம் போனவ, எம்புள்ளைக்குப் போவக் கூடாதா? பெத்தவ போகாம வேற எவ போவா?"

நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய்: "நான் போறேன்மா. எனக்குச் செட்டு இல்லை. நான் உள்ள போனா என் கோடு அங்கயே நின்னுரும். சீக்கு அடங்கி, எல்லாத்தையும் கழுவி முடிக்கற வரைக்கும் வெளிய வர மாட்டேன்."

பாப்பாவை மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் விட்டுவிட்டு, பெங்களூரிலிருந்து பஸ் ஏறி, நம் வீட்டு வாசல் பக்கம் திரும்பாமல் நேராக உங்கண்ணன் பண்ணைக்குப் போனாய். அவன் உன்னை வா என்று சொல்லவில்லை. "ஊருல எவன் கோழி செத்தாலும் மொத ஆளா நின்ன அம்மா எனக்கு வரலை. நீ சொல்லித்தான வரலை" என்றானாம். அதற்குப் பிறகு உன்னோடு பேச்சே இல்லையாம். நீ இதை எனக்குச் சொல்லவில்லை, உங்கண்ணி சொன்னாள். "பேச மாட்டேங்கறாருங்க அத்தை. ஆனா குழி வெட்டறப்ப இவ கையில கொப்புளம் வந்ததைப் பாத்துட்டு, ஒன்னும் சொல்லாம மம்பட்டியைப் புடுங்கிக்கிட்டாரு."

இங்கே நான் பட்ட பாடு வேறு. பால் சொசைட்டியில் ஒருத்தி, "மவன் செட்டுக்குப் போகலையாக்கா?" என்றாள். கேட்டவள் சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் நெஞ்சில் குத்திற்று. ஒறம்பரைச் சனம் வண்டி வண்டியாக உங்கண்ணன் பண்ணைக்குக் கிளம்பிற்று. போகாதீர்கள் என்று போனில் சொன்னால் யார் கேட்பார்கள்? "படிச்ச புள்ள சொல்லுச்சுன்னு துக்கம் கேக்காம இருக்கறதா?" என்றார்கள். அப்போது உங்கப்பா ஒரு காரியம் செய்தார். பண்ணைக்குப் பிரிகிற தடத்தில், தார் ரோட்டோரம் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டார். வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, "மாப்ளே, இங்கயே நில்லுங்க. பெத்த அப்பன் நானே உள்ள போகலைங்க" என்றார். அவரே போகாதபோது மற்றவர்கள் எப்படி மீறுவார்கள்? வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். நின்ற இடத்திலிருந்தே உங்கண்ணனுக்குப் போன் போட்டு, "இங்கதான் இருக்கறம்ப்பா, ரோட்டைப் பாரு" என்றார்கள். நானும் தினம் போனேன். சோற்றை வாழை இலையில் கட்டித் தடத்தின் முனையில் வைத்துவிடுவோம். பாத்திரம் திரும்பி வரக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். இலையை அங்கேயே எரித்துவிடுவீர்கள்.

தூரத்தில் செட்டுப் பக்கம் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக நாலைந்து உருவம் நடமாடும். வாய்க்கட்டு, தலைக்கட்டு வேறு. எது என் மகன், எது என் மகள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் அதில் ஒன்று வேலியோரம் வரைக்கும் வந்து நின்று, "சாப்புட்டியாம்மா?" என்று கத்திற்று. உங்கண்ணன் குரல். சாப்பிட்டேன் சாமி என்று நானும் கத்தினேன். சாப்பிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்து சாப்பிட்டேன்.

காதுகுத்து நாள் நெருங்கிற்று. நீங்கள் இரண்டு பேருமே உள்ளே. உன் மாமியார் போன் பண்ணினார். "சம்பந்தியம்மா, நாளை வுட்டா ஆடி வந்துருமுங்க. பங்காளி ஊட்டுப் பையன் யாரையாச்சும் மாமனா உக்கார வெச்சு முடிச்சுரலாமுங்களா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் உன்னிடம் சொன்னேன். நீ உங்கண்ணனிடம் கேட்டாய். அதற்கு மட்டும் வாயைத் திறந்து, "உக்கார வை, எனக்கொன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவன் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். நீ எனக்குத் திரும்பக் கூப்பிட்டாய். "நாளை வுட்ரும்மா. பாப்பா காது குத்தாமயே வரட்டும்." பொட்டைப் பிள்ளை காது மூளியாக ஊர் விட்டு ஊர் போவதா என்று எனக்குப் பதைத்தது. உன் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே சொன்னேன். அவரோ, "எம்மருமவ சொன்னா அதுல ஒரு கணக்கு இருக்குமுங்க. சமையக்காரரை நான் பாத்துக்கறனுங்க. பாப்பா இப்பத்தான் தூங்குனா, நல்லா இருக்கறான்னு அவகிட்டச் சொல்லிருங்க" என்றார். அந்த அம்மாவை நான் கும்பிடுகிறேன். இது புத்தகத்தில் வரட்டும்.

சீக்கு உங்கண்ணன் செட்டோடு நின்றது. சுத்துப்பட்டில் வேறு எங்கும் போகவில்லை. உங்கப்பா ஊர் முழுக்க, எம்புள்ளதான் நிறுத்தினா என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ போனில் அவரை அதட்டினாய். "அப்படிச் சொல்லாதீங்கப்பா. ஒரு தடவை நடந்ததை வெச்சுச் சொல்ல முடியாது. தானாவும் நின்னிருக்கலாம்." அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு, நீ டாக்டர் பட்டம் வாங்கின அன்றைக்கு வந்ததைவிட அதிகமாக அப்போதுதான் நெஞ்சு நிறைந்தது. தனக்கு வருகிற பேரைக்கூட நிறுத்துப் பார்த்து, இவ்வளவுதான் எனக்கு உரியது என்று சொல்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். உன் புத்தகத்தை எங்கள் சனம் நம்பலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நீ கிளம்பின அன்றைக்கு நாங்கள் ஏர்போர்ட்டுக்கு வந்தோம். உங்கண்ணன் வரவில்லை. செட்டுக் கழுவுகிற வேலை இருக்கிறது என்றான். வேலை இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீ பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே போனாய். அண்ணன் நமக்கு இனி இல்லையோ என்று உன் முதுகிலேயே எழுதியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து, யாரிடம் போய் எதைச் சொல்லி இதைச் சேர்ப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

போன வாரம் உங்கண்ணன் செட்டில் புதுக் குஞ்சு இறக்கினான். கால்நடை டாக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். அதற்கப்புறம் அவனே, "வாம்மா" என்று கூப்பிட்டான். போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

"அங்கயே நில்லு. வர்ற வழியில யாரு செட்டுக்காச்சும் போனியா?"

"பெத்தவளையே கேக்கறியாடா?"

"உன்னையத்தான் மொதல்ல கேக்கோணும். உம்புள்ளி பெரிசு."

மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்க வைத்து, வேறு செருப்புக் கொடுத்து, அதிலும் செட்டுக்குள் விடாமல் வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போனான். உங்கண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு பீரோவைத் திறந்து பாப்பாவின் தோட்டை எடுத்துக் காட்டினான். "அந்த ஊருக்குப் பார்சல் போகுமுங்களே, அனுப்பிரலாம்" என்று உங்கண்ணி சொன்னாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"தோட்டை அனுப்பிரலாம். மடியை எப்படி அனுப்பறது?"

பிறகு என் பக்கம் திரும்பாமல், தோட்டைத் தாளில் மடித்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டே சொன்னான்: "அவகிட்டச் சொல்லிரும்மா. எனக்காவ அவ புள்ளையை வுட்டுட்டு வந்து அந்த நாத்தத்துல கெடந்தா. எத்தனை வருசம் ஆனாலும் சரி, பாப்பா பள்ளிக்கூடம் போனாலும் சரி, காது எம்மடியிலதான் குத்தோணும். அதுவரைக்கும் அந்த ஊருல எவளும் ஊசியைத் தூக்கிட்டு வந்து குத்திரக் கூடாது."

"நீயே போன் போட்டுச் சொல்லேன் சாமி."

"அவ கணக்குப் போட்டுட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

சொல்லிவிட்டேன் கண்ணு. லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டு எழுது. நாள் பார்க்க வேண்டும்.

உன் அம்மா